சொல்ல மாட்டேன் என்று சொன்னவள்

பல்கலைக்கழகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் வருடம் கடைசி பெஞ்சிலிருந்து அவள் கேட்ட சந்தேகம் பக்கத்து வகுப்பு வரை கேட்டதாம். அன்றிலிருந்து அவள் பெயர் மைக். அவளும் அதற்காக ரோஷப்பட்டதில்லை.

மாணவர் நல மையம் தன்னார்வலர்களைத் தேடியபோது எல்லோரும் அவளைத்தான் கை காட்டினார்கள். பயிற்சி நடந்தது. குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, கேட்டதை வெளியே விடக் கூடாது.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கிறதுக்கு ஒரு பயிற்சியா? உனக்கா?" என்று அண்ணன் போனில் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆனால் அவளுக்கு அது கைவந்தது. விடுதியில் வாஷிங் மெஷின் சுற்றி முடியும் வரை ஒருத்தி அழுவாள். மைக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கேட்பாள். தேர்வு என்றாலே பயந்து ஒடுங்குகிறவள், காதல் முறிந்தவள், அப்பாவின் ஆசைக்காகப் பிடிக்காத படிப்பில் மாட்டிக்கொண்டவள் என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். ஒருவரையும் அவள் திருப்பி அனுப்பவில்லை.

அவளுடைய அறைத்தோழிக்குப் பூனை என்று பட்டப்பெயர். எங்கே உட்கார்ந்தாலும் சுருண்டு தூங்கிவிடுவாள். கணிதம் படித்தாள். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் இரண்டு பாடத்தில் தோற்றுப் போனாள். அதற்குப் பிறகு அந்தத் தூக்கம் வேறு மாதிரி ஆனது. வகுப்புக்குப் போவதில்லை, தலை வாருவதில்லை. மைக் உணவுக்கூடத்திலிருந்து தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். தட்டு வைத்தபடியே இருக்கும். வார்டன் கேட்டால் "காய்ச்சல் மேடம்" என்பாள். பூனையின் அப்பா போன் செய்தால் "குளிக்கப் போயிருக்கா அங்கிள்" என்பாள்.

ஒரு சாயங்காலம் பூனை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே சொன்னாள்.

"காலைல கண்ணு முழிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது."

மைக் குறுக்கே பேசவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாத. சொன்னா அப்பா வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு. சத்தியம் பண்ணு."

மைக் சத்தியம் செய்தாள்.

அதன் பிறகு அவள் அறையை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. போனாலும் பாதியில் திரும்பி வந்து கதவைத் திறந்து பார்ப்பாள். போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி போவாள். கண்ணுக்குக் கீழே கருத்துப் போனது. யாராவது கேட்டால் சிரித்து மழுப்பினாள்.

ஒரு நாள் ஆய்வகத்தில் ஆசிரியர் ஏதோ கேட்டார். மைக் எழுந்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. "மைக் ரிப்பேர் சார்" என்று யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள். அதிலும் சத்தம் இல்லை.

வளாக மருத்துவமனையில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தொண்டை சுத்தமா இருக்கு. எங்கே, இருமு."

இருமல் கணீரென்று வந்தது.

"இருமல் வருது, பேச்சு வரலை. வீக்கமும் இல்ல, புண்ணும் இல்ல." டாக்டரம்மா டார்ச்சை அணைத்தார். "மனசுல எதையாவது போட்டு அமுக்கிட்டு இருக்கியாம்மா? மாடிக்குப் போய் ஆலோசகரைப் பாரு. இப்பவே போ."

பயிற்சி கொடுத்தவரே அந்த ஆலோசகர். மைக் எதிரே உட்கார்ந்து, குரல் இல்லாத வெறும் மூச்சில் கேட்டாள்.

"மத்தவங்க ரகசியத்தைச் சொல்லலாமா மேடம்?"

"யாரோட ரகசியம்? உன் ரூம்லயா?"

மைக் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அவ உயிருக்கு ஏதாவது ஆயிடும்னு பயப்படுறியா?"

மைக்கின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. ஆலோசகர் செருப்பை மாட்டிக்கொண்டார். வெளியே காத்திருந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவளோடு விடுதிக்கு விறுவிறுவென்று நடந்தார்.

பூனை விழித்துத்தான் இருந்தாள். ஆலோசகர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்டார்.

"செத்துப் போகணும்னு யோசிக்கிறியாம்மா?"

காய்ச்சல் இருக்கா என்று கேட்பது போல இதைக் கேட்க முடியும் என்பது மைக்குக்கு அதுவரை தெரியாது.

பூனை போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "யோசிச்சேன்" என்றாள்.

"இன்னிக்குமா?"

"இன்னிக்கு... கொஞ்சம் கம்மி."

சொல்லிவிட்டு மைக்கைப் பார்த்தாள். "உன்ன நம்பினேன்ல?"

மைக் வாயைத் திறந்தாள். வழக்கம் போலக் காற்று.

ஆலோசகர் போன் செய்ய, மறுநாள் பூனையின் அப்பா வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், வேலை உடுப்போடு அப்படியே கிளம்பி வந்திருந்தார். எங்கே நிற்பது என்று தெரியாமல் மகளின் போர்வையை எடுத்து மடித்தார்.

"ரெண்டு பாடம்தானேம்மா. அதுக்கா இப்படி?"

"பாடத்தை விடுங்க சார்" என்றார் ஆலோசகர். "இது நோய். மருத்துவம் பார்த்தா சரியாகும். படிப்பு எங்கேயும் ஓடிடாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க எல்லார்கிட்டயும் என்னைப் பத்திப் பெருமையா பேசிட்டு இருந்தீங்கப்பா" என்றாள் பூனை. "எப்படிச் சொல்றது?"

அவர் மடித்த போர்வையை உதறி மறுபடியும் மடித்தார்.

ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு பூனை ஊருக்குப் போனாள். போகும்போது மைக்கிடம் பேசவில்லை.

மைக்குக்குக் குரல் திரும்பியது அடுத்த வாரம். போனில் அண்ணன் வழக்கம் போலச் சீண்டிக்கொண்டிருந்தான். "போடா" என்றாள். அது முழுச் சத்தத்தோடு வந்து விழுந்தது. "இன்னொரு தடவை சொல்லு" என்றான் அண்ணன்.

மறுநாள் அவள் ஆலோசகரிடம் போனாள்.

"என்னால இனிமே முடியாது மேடம். நான் விலகிக்கிறேன்."

"விலகிக்கோ" என்றார் அவர். "முடியாதுன்னு சொல்லவும் நான்தான் உங்களுக்குக் கத்துக் கொடுத்திருக்கணும். உயிருக்கு ஆபத்துன்னா ரகசியம் கிடையாதுங்கிறதைக் கடைசி நாள் அவசர அவசரமா சொல்லி முடிச்சேன். சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு, எல்லாரும் கதவையே பார்த்துட்டு இருந்தீங்க."

"சொன்னீங்களா? எனக்கு ஞாபகமே இல்லையே."

"அதான் சொல்றேன். சரி, நீ எப்ப வர்ற? வேலைக்கு இல்ல. உனக்காக."

அந்த வருடத்திலிருந்து பயிற்சி, உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் கிடையாது என்ற வாக்கியத்தோடுதான் தொடங்கியது. தன்னார்வலர்கள் வாரம் ஒரு தடவை கூடி உட்கார்ந்து தங்கள் பாரத்தையும் இறக்கி வைத்தார்கள். மைக் அதற்குப் போகவில்லை. ஆலோசகரிடம் சில மாதம் தனியாகப் போனாள். பிறகு தேவைப்படவில்லை.

மைக்கின் நான்காம் வருடக் கடைசிப் பருவத்தில் பூனை திரும்பி வந்தாள். வேறு விடுதி, ஜூனியர்களோடு வகுப்பு. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நூலக வாசலில் எதிர்ப்பட்டபோது ஒதுங்கிப் போக இடமில்லை.

"மாத்திரை சாப்பிடுறேன்" என்றாள் பூனை, யாரோ கேட்ட மாதிரி. "ஒரு பாடம் எழுதிட்டேன். இன்னொண்ணு இருக்கு."

"நல்லது."

"உன் மேல கோபம் இன்னும் போகலை."

"இருக்கட்டும்."

"போகணும்னுதான் நினைக்கிறேன். போக மாட்டேங்குது."

"அவசரம் இல்ல" என்றாள் மைக்.

பூனை தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். மைக் வகுப்புக்கு நடந்தாள்.