கயிறு பதிந்த நெற்றி

கிழக்கு வெளுக்குமுன் சாயத் தொட்டிக்குள் கையை விட்டாள் மீனம்மா. வட்டகொடை மலைக் குளிர் முழங்கைவரை ஏறிக் கடித்தது. கற்றாழை நார் காய்ந்தால் ஊசி, நனைந்தால் கத்தி. விரலிடுக்கு வெடிப்புகளில் சாயம் இறங்கிச் சுள்ளென்று எரிந்தது. நார்க்கட்டைத் தூக்கிப் பிழிந்து, தொடையில் போட்டு உள்ளங்கையால் உருட்டினாள். நார் முறுக்கேறிக் கயிறானது. பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அதே வேலையில் இருந்தார்கள். குளிரில் எல்லாருக்கும் பல் கிட்டித்திருந்தது.

அது பழைய கொழுந்து மடுவம், பறித்த தேயிலையை நிறுக்கிற கொட்டகை. தேயிலைத் தோட்டம் இந்த மலையைக் காடாக விட்டபின் பூட்டிக் கிடந்ததை யோகேஸ்வரன் குத்தகைக்கு எடுத்துப் பை பின்னும் பட்டறையாக்கினார். அவருடைய அப்பா இதே மடுவத்தில் கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளை. "மழையில்ல, அட்டையில்ல, கூரைக்குக் கீழ வேலை" என்று கூப்பிட்டார். தோட்டத்தில் வேலைநாள் தேய்ந்துபோன பெண்கள் வந்தார்கள். மீனம்மா தோட்டத்து வேலைப் பதிவில் பேரையே வெட்டிக்கொண்டு வந்தவள். இந்தக் கதவு மூடினால் அவளுக்கு வேறு கதவு கிடையாது.

இப்போது பின்னும் பைக்கு மாதிரி முன்பே வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. அடி உருண்டு, வாய் அகன்று, நீளத் தோல் வாருடன் ஒரு கூடைப் பை. அன்றைக்கு அதைக் கையில் வாங்கிய மீனம்மா, யோசிக்காமல் வாரைத் தலையில் மாட்டிப் பையை முதுகில் தள்ளினாள். மடுவமே சிரித்தது.

"மீனம்மா, அது தோள்ல போடுறது. லண்டன்ல கொழுந்தா பறிக்கப் போறாங்க?" என்று யோகேஸ்வரனும் சிரித்தார்.

"பழக்க தோசம் சார். ஆனா இது தலைக்குன்னு செஞ்ச மாதிரியே உக்காருது" என்றாள் அவள்.

அந்தப் பேச்சு அதோடு மறந்துபோனது. இன்றைக்குக் காலையில்தான் பைகளில் தைக்க வேண்டிய, படமும் எழுத்தும் அச்சடித்த துணி வில்லைகள் வந்தன. தையல் மெஷினில் இருந்த ஜெமீலா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பஜாரில் புருஷனின் தையல் கடை நொடித்தபின் இங்கே வந்தவள் அவள்.

"மீனம்மாக்கா, இதப் பாருங்களேன். ஒங்களப் போல ஒரு ஆளு."

வில்லையில் ஒரு கறுத்த பெண்ணின் முகம். முதுகில் கூடை, அதன் வார் நெற்றியில். வாரின் ஓரத்தில் நெற்றித்தோல் தடித்து, வழித்தடம் போல ஒரு பள்ளம். மீனம்மாவின் கை தானாகத் தன் நெற்றிமேட்டுக்குப் போனது. அங்கேயும் அதே பள்ளம். கொழுந்துக் கூடையின் கயிறு முடியைத் தின்ற இடம்.

பிரேமினி தலவாக்கலை டவுனில் படித்த பெண். வில்லையை வாங்கி அதிலிருந்த இங்கிலீஷை வாசித்தாள். "இவங்க பேரு முவெண்டே. கென்யா. இந்தப் பைய இவங்க ஊருப் பொம்பளைங்கதான் கையால பின்னினாங்களாம். நீங்க வாங்குற ஒவ்வொரு பையும் அந்த ஆபிரிக்க கிராமத்த வாழ வைக்குதாம்."

"முனியாண்டி மாதிரியில்ல இருக்கு பேரு" என்றாள் ஒருத்தி.

"நம்ம பின்னுனத அவங்க பின்னுனாங்கன்னா..." என்று இழுத்தாள் மீனம்மா.

ஜெமீலா மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

சத்தம் நின்றதும் யோகேஸ்வரன் வந்தார். "என்ன? பகலைக்கு லொறி வருது."

"சார், இந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று வில்லையைக் காட்டினாள் மீனம்மா.

"எங்க இருந்தா ஒனக்கென்ன? முந்தி அவங்ககிட்டதான் வாங்கினாங்க. கூலியக் கூட்டுன்னு எல்லாரும் சேந்து பின்ன மாட்டோம்னு நின்னாங்க. அதான் ஓடர் நம்மகிட்ட வந்திச்சு. அதிஷ்டம்னு நெனச்சு வேலையப் பாருங்க. நீங்களும் ஆட்டங் காட்டினா ஓடர் வேற ஊருக்குப் போயிரும்."

சொன்னபின்தான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்தது.

மீனம்மா எழுந்தாள். தொடையில் ஒட்டிய நாரைத் தட்டிவிட்டாள். "தோட்டத்துல சம்பளங் கேட்டு நம்ம டிவிசன் வேலைய நிறுத்தினப்ப மேல் டிவிசன் ஆளுகளக் கொண்டாந்து நம்ம மலையில கொழுந்தெடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அந்த ஆளுகளோட நம்ம எத்தன நாளு பேசாம இருந்தோம்? இப்ப நம்மதான்டி மேல் டிவிசன்."

பக்கத்தில் இருந்த பெண்கள் நாரைத் தொட்டிக்குள்ளேயே போட்டார்கள்.

"நானும் தோட்டத்துப் புள்ளதான். ஒங்களுக்குக் கெடுதல் செய்வேனா? எங்கப்பா இதே எடத்துல நின்னவரு" என்றார் யோகேஸ்வரன்.

"ஆமாங்க. அவரு தராசுல வெரல வச்சாரு. நீங்க அந்தம்மா மூஞ்சியில வைக்கிறீங்க."

"வாயக் கொறை! பேரு வெட்டுனவ நீ. வெளிய போனா எங்க போவ?"

அது மீனம்மாவுக்குத் தெரியாததா?

"அவங்க மட்டும் போகல" என்று ஜெமீலா எழுந்தாள். "எனக்கேலாது சேர், இந்தப் பொய்யத் தைக்க. வட்டகொடையில பின்னினதுன்டு போட்டுத் தாங்க. அந்த ஊருக்காரங்களோட மாதிரின்டும் போடுங்க. ராவு பகலாத் தைச்சுத் தாறேன்."

"அவங்க கேட்ட கூலிய அவங்களுக்குக் குடுக்கட்டும். எங்களுக்கும் குடுக்கட்டும். அதுவரைக்கும் ஒரு பையும் போகாது" என்றாள் பிரேமினி.

வெளியே லொறி நேரத்தோடேயே வந்து நின்றது. டிரைவர் செல்லசாமி தலையை நீட்டினார். "ஏத்தவா சார்?"

மீனம்மா தான் பின்னிய பையை எடுத்து, வாரைத் தலையில் மாட்டினாள். வார் பழைய பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. ஒவ்வொருத்தியாக மாட்டினார்கள். தலையில் கயிறு ஏந்தியே இராத ஜெமீலா முக்காட்டின் மேல் வாரைச் சரிசெய்ய, மீனம்மா கை கொடுத்தாள். தோட்டத்தில் காலையில் பேர் பதியப் பெரட்டுக்கு நிற்பதுபோல் மடுவத்து வாசலில் வரிசையாக நின்றார்கள்.

"எறக்குங்க! செல்லசாமி, நீ பைகளப் புடுங்கி ஏத்து!"

செல்லசாமி என்ஜினை அணைத்தார். "வண்டி பழசு சார். இம்புட்டுப் பொய்ய ஏத்துனா மேட்டுல இழுக்காது."

சிரிப்பு வரிசையில் ஓடியது. அந்தச் சிரிப்போடேயே பிரேமினி போனில் படம் எடுத்தாள். வில்லையின் அடியில் அச்சடித்திருந்த கம்பெனியின் இணையப் பக்கத்துக்குப் போய், வாங்குகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் படத்தைப் போட்டாள். கீழே தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினாள்: இந்தப் பைகளைப் பின்னியவர்கள் நாங்கள். முவெண்டே எங்கே?

"அந்தம்மா பாப்பாங்களா?" என்றாள் மீனம்மா.

"தெரியாதுக்கா. பாத்தவங்க யாராச்சும் சொல்லுவாங்க."

யோகேஸ்வரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிரேமினியின் போனுக்கு இன்னும் பதில் எதுவும் வரவில்லை. மலையிலிருந்து மழை இறங்கியது. ஒருத்தியும் தலையிலிருந்து வாரை எடுக்கவில்லை.