முதல் பாட்டும் அக்காவின் வலது காலும்

1.

இது கதையாகப் பிறக்கவில்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்டது ஒரு கட்டுரை. “உங்க அத்தான் ராக் பேண்ட்ல இருக்காரே, அவங்க ஆல்பத்துல முதல் பாட்டு மட்டும் எப்படி இப்படி அமையுதுன்னு எழுதுங்க. ஆரம்பமே ஆளை அசத்தணும்.”

ஆரம்பங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவனுக்கு ஆரம்பம் வரவில்லை. வந்தவை இவை:

இசை என்பது மௌனத்தின் (சீ!)

முதல் ஆல்பம், டிரம்மர் குச்சியை நழுவவிட்டுத் திட்டுவதில் தொடங்குகிறது. இரண்டாவது, பாடகர் மூச்சை இழுக்கும் சத்தத்தில். அதைக் கேட்டு நாடே மூச்சை இழுத்தது. (நாடு அதிகம். எங்கள் தெரு இழுத்தது.)

ஆசிரியருக்கு இது போதும். எனக்குத்தான் போதவில்லை, ஏனென்றால் அந்தப் பாட்டுகளை முதலில் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

2.

வைத்தது என் அக்காவின் வலது கால்.

சிரிக்காதீர்கள். பேண்டில் நாலு பேர், நாலு பேருக்கும் ஓட்டுநர் உரிமம் கிடையாது. அன்றிலிருந்து இன்றுவரை வேனை ஓட்டுவது அக்காதான். ஆல்பம் தயாரானதும் பாட்டுகளைக் கலைத்துப்போட்டு வேனில் ஓடவிடுவார்கள். டிரம்மர் முன்சீட்டில் தூங்குவதுபோல் பாசாங்கு செய்துகொண்டு ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்ப்பார். எந்தப் பாட்டுக்கு முள் அதிகம் ஏறுகிறதோ அது முதல் பாட்டு. எதற்கு அதிகம் இறங்குகிறதோ அது கடைசி. அக்காவுக்கு மட்டும் இந்த விஷயம் தெரியக் கூடாது. தெரிந்தால் கால் பொய் சொல்லும் என்பது அவர்கள் சித்தாந்தம்.

(பெரிய மேதைகள் என்று நினைத்துப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும்.)

3.

அத்தான் பேஸ் கிட்டார் வாசிப்பவர். ஆல்பத்துக்கு ஒரு பாட்டு எழுதுவார். ஒவ்வொரு முறையும் அது கடைசியில்தான் போய் உட்காரும். “கடைசிப் பெஞ்சு மாணவன்” என்று பாடகர் கிண்டல் செய்வார். அத்தானும் சிரித்துவைப்பார்.

இப்போது பாடகரின் தொண்டைக்கு வைத்தியர் ஓய்வு சொல்லிவிட்டார். இதுதான் கடைசி ஆல்பம். அத்தானுக்கு இனி வேறு வாய்ப்பில்லை.

நேற்று வேனில் பின்சீட்டில் நானும் இருந்தேன். அத்தானின் பாட்டு வந்தது. முள் இறங்கியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடிக்கும் அளவுக்கு இறங்கியது. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இந்தப் பாட்டை எடுத்துடுங்கப்பா. வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு அனுப்புறப்ப இது வேணாம்.”

“அட, விடுய்யா, கடைசியில கெடந்துட்டுப் போகட்டும்” என்றார் டிரம்மர், அக்காவுக்குக் கேட்காமல் பின்பக்கம் சாய்ந்து.

“பெத்த பொண்டாட்டிக்கே பிடிக்கல” (கோபத்தில் ‘கட்டிய’ என்பது ‘பெத்த’ ஆகிவிட்டது. திருத்தவில்லை.) என்று அத்தான் முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

4.

பெட்ரோல் போட நிறுத்தியபோது மற்றவர்கள் இறங்கிப்போனார்கள். அக்கா கேட்டாள், “ஏன்டா, உங்க அத்தான் மூஞ்சி தொங்கிப்போச்சு?”

எனக்கு வாயில் எதுவும் தங்காது. முள், கால், முதல் பாட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயையோ! அவர் பாட்டு வந்தா நான் காலை எடுத்துடுவேன்டா. இந்த ஓட்டை வண்டி போடுற சத்தத்துல ஒரு வரிகூட விட்டுடக் கூடாதுன்னு.”

“மத்த பாட்டுக்கு?”

“அது எப்படா முடியும்னு மிதிப்பேன்.”

நாடறிந்த முதல் பாட்டுகளின் ரகசியம் அவ்வளவுதான்.

“போய் அவர்கிட்ட சொல்லுக்கா.”

“நான் சொன்னா சமாதானம்னு நெனைப்பார். நீ எழுதுடா. எழுத்துல இருந்தா நம்புவார் மனுஷன்.”

5.

எழுதிவிட்டேன். ஒரே ஒரு சிக்கல். அத்தான் என் எழுத்தில் முதல் தாளைத் தாண்டியதே இல்லை. “ஆரம்பம் பிடிச்சாப் போதும் மாப்ளே” என்று திருப்பித் தந்துவிடுவார். அக்கா சொன்னதோ நாலாவது தாளில் இருக்கிறது.

“தூக்கி மேல வையேன், அதுக்கென்ன?” என்கிறாள் அக்கா.

“கதை கெட்டுடும்க்கா.”

அவள் பார்த்த பார்வை (வேண்டாம், விடுங்கள்.)

முடிவு அ: தாளை மேலே வைக்கிறேன். அத்தான் படிக்கிறார். கதை குட்டிச்சுவர்.

முடிவு ஆ: இருந்த இடத்திலேயே விடுகிறேன். விமர்சகர்கள் கடைசித் திருப்பத்தைப் பாராட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு பாட்டு குறைவாகப் போகிறது.

எழுதத் தெரிந்தவன் நல்லதைக் கடைசியில்தான் வைப்பான். ஆனால் அத்தானின் பாட்டும் கடைசியில்தானே இருந்தது?

தாள்களை நான் தைக்கவில்லை. கட்டு இப்போது உங்கள் கையில் இருக்கிறது. பக்கத்து அறையில் அத்தான் பேஸ் கிட்டாரை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கிறார். இதோ, “எழுதியாச்சா மாப்ளே?” என்று கேட்டுக்கொண்டே வருகிறார். உங்களிடம்தான் கை நீட்டுவார்.

எந்தத் தாள் மேலே இருக்கிறது?