சாட்சி நின்ற உடம்பு

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை முதல் தூறல் விட்டுவிட்டு விழுந்தது; காற்றில் குளிர் மிகுந்திருந்தது.

கடிகாரம் பழுதுபார்ப்பவராகிய அவர், கடையைப் பாதியில் அடைத்துவிட்டு மனைவியுடன் மருத்துவரிடம் சென்றார். கடுகளவுத் திருகாணி இடுக்கியிலிருந்து நழுவுவதைக்கூட அவருடைய விரல்கள் உணரவில்லை. விரல் போனால் தொழில் போகும். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

மூன்றாண்டுகளுக்கு முன் கணவனும் மனைவியும் ஒருமனதாக இறைச்சி, மீன், முட்டை, பால் அனைத்தையும் துறந்தனர். மாத்திரையும் ஆகாதென்பது அவருடைய கூடுதல் பிடிவாதம். வருவோர் போவோரிடமெல்லாம் மனைவியைச் சுட்டிக்காட்டி, "சாப்பாடே மருந்துங்க. இவளப் பாருங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கா!" என்பார்.

மருத்துவர் இருவருடைய இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் பார்த்தார்.

"உங்களுக்கு வைட்டமின் பி12 அடிமட்டத்துல இருக்குங்க. நரம்புக்கு அதுதான் காவல். காய்கறி, கீரை, பருப்ப மட்டும் நம்பினா அது கிடைக்காது. முட்டை, பால் வேணாம்னா மாத்திரையாவது போட்டிருக்கணும்."

"சும்மா இருங்க டாக்டர். நாங்க ஒரே சட்டில சாப்பிடுறோம். இவளுக்கு ஒண்ணும் ஆகலையே!"

"அதான் எனக்கும் புரியல. ஏம்மா, தனியா ஏதாவது சாப்பிடுறீங்களா?"

மனைவி சேலை முந்தானையைத் திருகினாள்.

"ஆபீஸ் கேன்டீன்ல முட்டை. அப்பப்ப பாலும்."

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார் கணவர்.

"ஆரம்பத்துலேர்ந்தே."

அவர் சிரிக்க முயன்றார். "அடிப்பாவி! ஒரு முட்டைக்கா இவ்வளவு ரகசியம்?"

"நீங்க ஊருக்கே என்னக் காட்டிப் பேசுறீங்க. நடுவுல எப்படிங்க வாயத் திறக்கிறது?"

"கை மரத்துப்போச்சுன்னு அன்னைக்கு நான் சொன்னப்ப மருந்துக்கடைக்காரர் இதே மாத்திரைய நீட்டினார். உன்னக் காட்டித்தானே வேணாம்னேன்? அப்பவும் பக்கத்துல மரமா நின்னியே!"

மருத்துவர் ஊசியை எடுத்தபடி, முன்னரே வந்திருந்தால் விரல்களை முழுமையாக மீட்டிருக்கலாம், இனி உறுதி கூற இயலாது என்றார்.

வெளியே வந்ததும் அவள் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள். அவர் விலகி மழையில் நின்றார்.

"நீ முட்டை தின்னது தப்பில்ல. என் வாயாலயே உனக்குச் சாட்சி சொல்ல வெச்சு, என் கைய வெட்டிட்ட. உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு."

"ஏங்க, நில்லுங்க!"

அவர் எதிரே வந்து நின்ற பேருந்தில் ஏறிக்கொண்டார். அவளை நடைபாதையிலேயே விட்டுவிட்டு வண்டி புறப்பட்டபோது மணி பிற்பகல் நான்கு இருபத்திரண்டு.