சாவி எடுத்த பிறகும்

விடிவதற்கு முன்பே அரியமங்கலம் பட்டறையில் ஸ்பேனர் சத்தம் எழுந்துவிட்டது. கத்திரி வெயில் காலம். பத்து மணிக்கு மேல் இரும்பில் கை வைக்க முடியாது. கேபினை முன்னால் கவிழ்த்து நிறுத்திய லாரிக்கு அடியில் பீமராவ் மல்லாந்து கிடந்தான். ரேடியேட்டரிலிருந்து வடிந்த பச்சைத் தண்ணீர் மண்ணோடு குழைந்து அவன் முதுகுக்கு அடியில் சேறாகியிருந்தது. துருவேறிய போல்ட் ஒன்று அசைய மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது முறை எக்கினான். போல்ட் விட்டது, முழங்கை இரும்புச் சட்டத்தில் இடித்துத் தோல் உரிந்தது.

"வந்துருச்சுண்ணே," என்றான்.

மேலே இன்ஜின்மீது குனிந்திருந்த அடைக்கலராஜ் பழைய விசிறியைக் கழற்றி, இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தான். பதினெட்டு வருஷமாக லாரிகளுக்கு ஒயர் இழுக்கிறவன். காட்டூரிலிருந்து நாலரை மணிக்கே சைக்கிள் மிதித்து வந்திருந்தான்.

பட்டறையும் பன்னிரண்டு லாரிகளும் கலையரசனுக்குச் சொந்தம். அத்தனை லாரிகளிலும் விசிறியை மாற்றிவிட வேண்டும் என்று அவர் ஒரு வாரக் கெடு வைத்திருந்தார். பழைய விசிறி இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் டீசலைத் தின்றுகொண்டு சுற்றும். அதை எடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் இரண்டு மின்விசிறிகளை ரேடியேட்டருக்குப் பின்னால் பொருத்த வேண்டும். தண்ணீரின் சூடு ஓர் அளவைத் தாண்டினால் தெர்மோஸ்டாட் சுவிட்ச் தானே விசிறியை ஓட்டும். தணிந்தால் தானே நிறுத்தும். ஒழுங்காகச் செய்தால் நல்ல வேலைதான்.

ஆனால் வந்து இறங்கிய விசிறிகளுக்குக் கம்பிவலை இல்லை. இரும்பு இறக்கைகள் மொட்டையாக நின்றன. அது போதாதென்று முதல் நாளே கலையரசன் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "அடைக்கலம், சாவிய எடுத்தாலும் பேன் ஓடணும். டிரைவருங்க சூட்டோட சூடா நிறுத்திட்டுப் போயிடறானுங்க, இன்ஜின் கெட்டுப்போவுது. நேரா பேட்டரியில குடுத்துரு."

"குடுக்கலாங்க. ஆனா நடுவுல ஒரு மெயின் சுவிட்ச் வேணும். யாராவது கைய வெச்சிருக்கையில ஓடிடுச்சுன்னா?"

"சுவிட்ச் வெச்சா டிரைவரு அணைச்சுட்டுப் போயிடுவான். நான் எதுக்கு மாத்தறேன் பின்ன? சொன்னதச் செய்யி."

அடைக்கலராஜ் ஒயரை நேரே பேட்டரியில் கொடுத்தான்.

நான்காம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். விசிறி மாற்றிய லாரி ஒன்றைத் துவாக்குடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நிறுத்தினான் டிரைவர் வளவன். கேபினைத் தூக்கிப் பார்த்தால் ரேடியேட்டரின் கீழ்க்குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிளிப்பை இறுக்கினால் சரியாகிவிடும் என்று பீமராவ் திருப்புளியோடு கையை உள்ளே விட்டான். இன்ஜின் நின்றிருந்தது. விசிறி நின்றிருந்தது. சாவி வளவனின் சட்டைப் பையில் இருந்தது.

இன்ஜினை நிறுத்தினால் தண்ணீர் ஓட்டமும் நின்றுபோகும். இரும்பில் தேங்கிய சூடு மெல்லத் தண்ணீரில் ஏறி, தெர்மோஸ்டாட் சுவிட்சைத் தட்டிவிடும். அடைக்கலராஜுக்கு அது தெரியும். டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டு, "பீமா, கைய எடு," என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

பீமராவ் கத்தவில்லை. கையை வெளியே எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. ரத்தம் ரேடியேட்டரிலும் வளவனின் முகத்திலும் தெறித்தது. விசிறியை நிறுத்த ஒரு வழியும் இல்லை. அடைக்கலராஜ் ஓடிப்போய் பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் நின்றது.

அரசு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் பீமராவின் மனைவி ஜோதி வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. ஸ்ரீரங்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் அறை துடைக்கிறவள்; புடவை ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. உள்ளே தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். விரல்களை ஒட்டவைக்க முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

அவள் அழுது முடிக்கும்வரை அடைக்கலராஜ் சுவரோரம் நின்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"வண்டி நின்னுதான இருந்துச்சு? எப்படிண்ணே ஓடுச்சு?"

"சாவி எடுத்தாலும் ஓடற மாதிரி ஒயர் குடுத்திருந்துச்சும்மா."

"யாரு குடுத்தது?"

"நான்தான். வேணாம்னு மொதலாளிகிட்ட சொன்னேன். கேக்கல."

ஜோதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னீங்க. சொல்லிட்டு அதையே செஞ்சீங்க," என்றாள். குரல் உயரவில்லை. பிறகு நர்ஸ் கொடுத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். "இதப் படிங்க. உங்க மொதலாளி எழுத வெச்சுட்டுப் போயிருக்காரு."

வீட்டில் கிரைண்டரில் கை மாட்டியதால் ஏற்பட்ட காயம் என்று அதில் எழுதியிருந்தது.

"எங்க வீட்டுல கிரைண்டரே கிடையாதுண்ணே."

அன்று அடைக்கலராஜ் சோற்றைப் பிசையும்போதெல்லாம் தன் விரல்களைப் பார்த்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கலையரசன் பட்டறைக்கு வந்தார். அடைக்கலராஜோடு சேர்த்து, மெக்கானிக்குகளும் டிரைவர்களுமாகப் பதினொரு பேர் நின்றிருந்தார்கள். ரேடியேட்டரைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரையில் மட்டும் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது.

"பாவம், நல்ல பையன். அவசரக்குடுக்கை," என்றார். "ஆஸ்பத்திரிச் செலவ நான் பாத்துக்கறேன். ஆனா பின்னால வில்லங்கம் வரக் கூடாதுல்ல." ஒரு தாளை அடைக்கலராஜிடம் கொடுத்தார். பீமராவ் இந்தப் பட்டறையில் வேலை செய்பவன் அல்ல. நண்பர்களைப் பார்க்க வந்தவன். சம்பவ நாளில் அவனுக்கு இங்கே காயம் எதுவும் ஏற்படவில்லை. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "நீதான் சீனியர். மொதல்ல நீ போடு. இன்னும் எட்டு வண்டி கிடக்கு."

அடைக்கலராஜ் தாளை இரண்டு முறை படித்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் முதலாளியைப் பார்க்கவில்லை; கூட வேலை செய்கிறவர்கள் பக்கம் திரும்பினான்.

"அந்த ஒயர குடுத்தது நான். சுவிட்ச் இல்லாம குடுத்தா ஆபத்துன்னு தெரியும். தெரிஞ்சே குடுத்தேன். வேலை போயிடும்னு பயம். பீமா வெரலு போனதுல என் பங்கும் இருக்கு. இதுல கையெழுத்து வேற போட்டேன்னா நான் மனுசனே இல்ல."

தாளை லாரியின் பம்பர்மேல் வைத்தான்.

"இன்னொண்ணு. மெயின் சுவிட்சும் கம்பிவலையும் வர்ற வரைக்கும் ஒரு வண்டியிலயும் நான் கை வைக்க மாட்டேங்க."

கலையரசன் சிரித்தார். "ஊர்ல எலக்ட்ரீஷியனே இல்லையா? நாளைக்கே துறையூர்லேருந்து நாலு பேர இறக்குவேன்."

"இறக்குங்க. அவங்களுக்கும் பத்து வெரல்தான."

"மத்தவங்க வேலையப் பாருங்க. வளவா, நீ வண்டிய எடு. அரியலூர்ல லோடு நிக்குது."

வளவன் நகரவில்லை.

"நீ டிரைவரு. பட்டறை வெவகாரத்துல உனக்கு என்னடா?"

"வழியில வண்டி சூடாகி நின்னா உள்ள கைய விடறது நான்தாங்க," என்றான் வளவன். "அங்க பேட்டரிய பிடுங்கிவிட அடைக்கலண்ணன் இருக்க மாட்டாரு."

ஒருவர் பின் ஒருவராகக் கையிலிருந்த சாமான்களைக் கீழே வைத்தார்கள். ஒருவன் மட்டும் தயங்கினான். அவனுக்குக் கலையரசனிடம் பழைய கடன் இருந்தது. அவனை யாரும் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனும் வந்து நின்றான்.

"பன்னெண்டு மணிக்குள்ள வேலை ஆரம்பிக்கலைன்னா பட்டறைய பூட்டிடுவேன். அப்பறம் ஒருத்தனும் இந்தப் பக்கம் வரக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கலையரசன் காரில் ஏறினார். அவர் அதைச் செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் போன பத்தாவது நிமிடம் ஜோதி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. ராத்திரி முழுக்க மருத்துவமனையில் இருந்திருக்கிறாள்.

"சீட்ட மாத்தி எழுத வெச்சுட்டேண்ணே. ரெண்டு தடவ முடியாதுன்னாங்க. கடைசியில எங்க வீட்டுக்காரரே படுக்கையிலேருந்து எந்திரிச்சு வந்து டாக்டர்கிட்ட சொன்னாரு." புதுச் சீட்டைக் காட்டினாள். வேலை செய்யும் இடத்தில் ஏற்பட்ட காயம் என்று இருந்தது. "தொழிலாளர் ஆபீஸ்ல மனு குடுக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்க. தனியா போகத்தான் கெளம்புனேன். பாத்தவங்க சொன்னா நல்லதுன்னு இங்க வந்தேன்."

பதினொரு பேரும் அவளும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். வளவன் ஒரு நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்துக் கொடுத்தான். அடைக்கலராஜ் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தான். மனு என்று அவன் எதையும் எழுதியதில்லை.

"எப்படிம்மா ஆரம்பிக்கறது?"

"நடந்தத எழுதுங்க," என்றாள் ஜோதி.

குலுங்கும் பஸ்ஸில் எழுத்து கோணலாக வந்தது. *என் பெயர் அடைக்கலராஜ். அந்த விசிறிக்கு ஒயர் கொடுத்தவன் நான்.* அதற்கு மேல் கொஞ்சம் எழுதிவிட்டுத் தாளை வளவனிடம் கொடுத்தான். வளவன் தான் பார்த்ததை எழுதினான். தாள் இருக்கைக்கு இருக்கை கைமாறிப் பின்னால் போனது. யாருடைய செல்போனோ ஓயாமல் அடித்தது. கலையரசனாக இருக்கும். யாரும் எடுக்கவில்லை.

தொழிலாளர் ஆபீஸ் இருக்கும் மன்னார்புரத்தில் இறங்கியபோது இன்னும் மூன்று பேர் எழுத வேண்டியிருந்தது. வெயில் தலையைப் பிளந்தது. தாளை வைத்து எழுத இடம் தேடினார்கள். அடைக்கலராஜ் நடைபாதையோரம் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான். "இங்க வெச்சு எழுதுங்கப்பா," என்றான். வேர்வையில் நனையாமலிருக்க ஜோதி ஆஸ்பத்திரிச் சீட்டின் பிளாஸ்டிக் உறையை அவன் முதுகில் விரித்து, அதன்மேல் தாளை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பேனா முனை முதுகில் அழுந்தி நகர்வதை உணர்ந்தபடி, மூன்று பேரும் எழுதி முடிக்கும்வரை அவன் அசையாமல் நின்றான்.