நாற்காலியில் உட்கார்ந்திருந்த பந்து

கோலுக்குள் போகாத பந்து, அதை உதைத்தவனோடு வீட்டுக்கு வந்துவிடும். வியாசர்பாடியில் ஃபார்வேர்டு ஆட்டக்காரன் குடியிருக்கும் எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம். வந்த பந்து இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். எப்படித் தவறியது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் எழுந்து போய்விடும். இதில் பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை.

டைட்டஸ் பதினாறு வருஷம் கிளப்புக்கு ஆடினான். அவன் வீட்டுக்கு வராத பந்தா? ஒரு தடவை ஒரே வாரத்தில் ஐந்து வந்து சேர்ந்ததில், அவன் மனைவி செல்வமேரி பாய் விரிக்க இடமில்லாமல் அல்லாடினாள். "கால் வழுக்கிடுச்சு", "பயந்துட்டேன்" என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி அனுப்பிவைத்தான். ஒரே ஒரு பந்து மட்டும் பதினோரு வருஷமாகப் போகவில்லை. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது.

அது லீக் ஃபைனலின் கடைசி நிமிஷப் பந்து. கொட்டுகிற மழை. இடது ஓரத்திலிருந்து கூட ஆடிய கபிரியேல் பாஸ் கொடுத்தான். கோல்கீப்பர் சேற்றில் விழுந்து கிடந்தான். மூன்றடி தூரத்தில் கோல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் கப்பு. நம்ம ஆளுக்குப் பொறுக்கவில்லை. தட்டுவதற்கு முன்பே ஜெர்சியைத் தலைக்கு மேல் இழுத்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கேலரியைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டான். பந்து குதிகாலில் பட்டு வெளியே போனது. மழையில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்று கோச் கேட்டார்.

"பாஸ் பின்னாடி வந்துச்சு சார்" என்றான் டைட்டஸ்.

கபிரியேல் பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த சீசன் லிஸ்ட்டில் அவன் பெயர் இல்லை. ஷேர் ஆட்டோ ஓட்டப் போனான். அதிலிருந்து ரோட்டில் எந்த ஆட்டோவைப் பார்த்தாலும் டைட்டஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

டைட்டஸுக்குப் பிரிவு உபசார விழா என்று கிளப் அறிவித்த ஞாயிற்றுக்கிழமை, அவனை அழைத்துப்போக ஆட்டோ வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவன் கபிரியேல்.

"உள்ள வாண்ணே" என்றாள் செல்வமேரி. நாற்காலியைப் பார்த்து அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. "அது எந்திரிக்காதுண்ணே."

"பரவால்லமா, நின்னுக்கறேன்."

ஐயோ, அவன் நின்ற நிற்பு! காக்கிச் சட்டையோடு, சுவர் ஓரமாக, அன்றைக்குக் கோச் முன்னால் நின்ற மாதிரியே நின்றான். டைட்டஸைக் கூச்சம் பிடுங்கித் தின்றது. மேடையில் போடப்போகும் சால்வையை நினைத்தாலே தோள் எரிந்தது.

"கபி, உன் பாஸ் நல்ல பாஸ்டா. நான்தான் உதைக்கறதுக்கு முன்னாடியே ஜெர்சிய இழுத்துக்கினு ஓடிட்டேன். கோச்சுகிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்டா. அந்தப் பாஸ் என் வீட்லதான கீது. அன்னிக்கு நைட்டே சொல்லிடுச்சு."

"அப்புறம் ஏண்டா என்னை வந்து கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு அது வாசலயே பாத்துக்கினு குந்தியிருந்துச்சு. நான் இன்னா பண்றது?"

டைட்டஸ் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. நாற்காலியிலிருந்து பந்து இறங்கி, படி தாண்டி உருண்டு, ஆட்டோவின் பின்சீட்டில் ஏறிக்கொண்டது. கபிரியேல் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினான்.

அப்போது வாசலில் மூச்சிரைப்பு கேட்டது. ஒன்பதாம் நம்பர் ஜெர்சியால் முகத்தை மூடியபடி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பதினோரு வருஷத்துக்கு முந்தைய, இருபத்தேழு வயது டைட்டஸ் உள்ளே ஓடிவந்தான். அந்த மழைத் தண்ணீர் இன்னும் அவன் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"கோல்தானேண்ணே?" என்று கேட்டான்.

"இல்லப்பா" என்றான் டைட்டஸ்.

"பாஸ் சரியில்லியா?"

"பாஸ் நல்ல பாஸ்."

வந்தவன் மெதுவாகக் கையை இறக்கினான். செல்வமேரி கொடியிலிருந்த துண்டை உருவி அவனிடம் நீட்டி, "தலையத் துவட்டு, சளி புடிச்சிக்கப் போவுது" என்றாள்.