யாமினியின் அப்பா என்று சொன்னவன்

அகிலாவுக்குத் திருப்பதியில் பரீட்சை. தமிழ் மீடியம் டீச்சர் வேலைக்கான டி.எஸ்.சி. காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை. நகரியிலிருந்து முதல் பஸ்ஸுக்கே மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள். அகிலா, அவள் புருஷன் தனசேகர், ஒன்பது மாதக் குழந்தை யாமினி.

குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்றுதான் அகிலா சொன்னாள். தனசேகருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "நாலு தறிய ஒரே நேரத்துல ஓட்டறவன் நான். ஒரு கொழந்தைய ரெண்டரை மணி நேரம் பாத்துக்க மாட்டனா?" என்றான். நூல் அறுந்தால் தறி நின்றுவிடும், அழாது என்பதை அகிலா சொல்லவில்லை.

பரீட்சை நடந்த காலேஜ் ஊருக்கு வெளியே இருந்தது. கேட்டில் நின்றுகொண்டு அவள் பையைக் கொடுத்தாள். "பத்து மணிக்குப் பால். பவுடர் மூணு கரண்டி, ஃப்ளாஸ்க்ல வெந்நீ கீது. சேப்பு டப்பால ராகிக் கஞ்சி. தூக்கம் வந்தா காதப் புடிச்சி இழுத்துக்குவா, அப்ப தோள்ல போட்டுக்கினு..."

"சரி சரி, நீ போய் நல்லா எழுது" என்றான் தனசேகர். அவன் கண் போனில் இருந்தது. பக்கத்தில் ஒரு கிலோமீட்டரில் சின்ன மிருகக்காட்சி சாலை ஒன்று இருப்பதாகப் போன் காட்டியது.

சின்னதுதான். மான்கள், மயில்கள், இரண்டு கரடி, ஒரே ஒரு சிறுத்தை. தனசேகருக்கு அந்தச் சிறுத்தை போதும். அதன் முன்னால் மகளைத் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ, உடனே ஸ்டேட்டஸ். பரீட்சை முடிந்து போனைத் திறந்ததும் அகிலா அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கூண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது யாமினி தூங்கிக்கொண்டிருந்தாள். சிறுத்தையும் தூங்கிக்கொண்டிருந்தது, அதுவும் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தனசேகர் அரை மணி நேரம் பொறுத்தான். முப்பது போட்டோ எடுத்தான், எல்லாவற்றிலும் முதுகு. பிறகு விசில் அடித்தான், கை தட்டினான். சிறுத்தை எழவில்லை. யாமினி எழுந்துவிட்டாள்.

எழுந்தவள் அப்பனை ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் வீறிட்டாள்.

அவன் ஆட்டிப் பார்த்தான், மயிலைக் காட்டினான், மான் மாதிரி குதித்தும் காட்டினான். பையைத் திறந்து பால் பவுடரை எடுத்தான். இரண்டு கரண்டியா, நாலு கரண்டியா? நினைவு வரவில்லை. இதற்குள் தூங்கும் சிறுத்தையை விட்டுவிட்டு ஜனங்கள் இவன் பக்கம் திரும்பிவிட்டார்கள். இங்கேயாவது ஏதோ நடக்கிறது.

சித்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் முன்னால் வந்தாள். "எத்தினி மாசம்?"

"எட்டு... இல்ல, ஒம்போது."

"பால் எப்ப குடிச்சா?"

"அவங்கம்மாவுக்குத்தான் தெரியும்."

"அவங்கம்மா எங்க?"

"பரீட்ச எழுதறா. போனு ஆஃப்ல கீது."

சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அவன் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. அந்த அம்மாள் நேராகக் கேட்டுக்குப் போய் காவலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

காவலாளி மல்லிகா சத்தியவேடு பக்கத்துக்காரி. ஐம்பது வயசு இருக்கும். தெலுங்கில் அதட்ட ஆரம்பித்தவள், இவன் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறி அதட்டினாள். கேட்டுக்குப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தாள். குழந்தையை அவனிடமிருந்து வாங்கினாள். யாமினி அழுகையை நிறுத்தினாள். தனசேகர் கையை நீட்டினான். அவள் மல்லிகாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பெத்த அப்பனப் பாத்து மூஞ்சிய மூடிக்கற கொழந்தைய இப்பத்தான் பாக்கறன்" என்றாள் மல்லிகா. "போன்ல போட்டோ கீதா?"

இருந்தது. சேலை டிசைன் இருநூறு, விலைக்கு வந்த பழைய பைக் ஒன்று, சிறுத்தை முதுகு முப்பது. யாமினியின் போட்டோ எல்லாம் அகிலாவின் போனில். தேடித் தேடி, காலையில் பஸ்ஸில் எடுத்த ஒன்றைக் காட்டினான்.

"இது இன்னிக்கி எடுத்தது. கடத்திக்கினு போறவனும் எடுப்பான். பொறந்த தேதி சொல்லு."

"விநாயக சவிதிக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"தேதி கேட்டன்."

"அன்னிக்கி எங்களுக்கு நூல் லோடு வந்துது, அக்கா. அதான் ஞாபகம்."

மல்லிகா ஜன்னல் வழியாகக் கூண்டுப் பக்கம் கை காட்டினாள். "அந்தச் சிறுத்த பேரு கௌரி. பொறந்த தேதி, எட, இன்னா துன்னும், எப்ப துன்னும், எல்லாம் போர்டுல எழுதி வச்சிக்கீறாங்க. படிச்சியா?"

படிக்கவில்லை.

அகிலாவுக்குப் பதினோரு தடவை போன் போட்டான். நகரியில் தம்பி ஹேமநாத்துக்குப் போட்டான். தறிச் சத்தத்தில் அவன் "இன்னா? கேக்கல!" என்று மூன்று தடவை கத்திவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்றாள் சித்தூர் அம்மாள். பன்னிரண்டரை வரை பார்ப்போம் என்றாள் மல்லிகா. சொல்லிக்கொண்டே, யாரையும் கேட்காமல், மூன்று கரண்டி பவுடரைப் போட்டுப் பாலைக் கலக்கினாள். டப்பாவில் எழுதியிருந்தது. யாமினி ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காதை இழுத்துக்கொண்டாள். மல்லிகா அவளைத் தோளில் போட்டாள். இரண்டு நிமிஷத்தில் குழந்தை தூங்கிவிட்டது. தனசேகர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தான். தறி வேலை பழகிய முதல் நாள்கூட அவன் அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை.

பரீட்சை முடிந்து போனில் இடத்தை மட்டும் கேட்டுக்கொண்ட அகிலா, பன்னிரண்டு இருபதுக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்தாள். தூங்கும் குழந்தையைத் தொட்டுப் பார்த்து மூச்சு விட்டாள். அப்புறம்தான் ஸ்டூலைப் பார்த்தாள்.

"இவரு யாரும்மா உனக்கு?" என்றாள் மல்லிகா.

"எங்க வூட்டுக்காரரு. இன்னா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல. அதான் விஷயம்."

பிறந்த தேதி, நேரம், எடை என்று மல்லிகா கேட்டதற்கெல்லாம் அகிலா மளமளவென்று பதில் சொன்னாள். ரிஜிஸ்டரில் எழுதித் தனசேகரிடம் கையெழுத்து வாங்கினார்கள். சித்தூர் அம்மாள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கரடி பார்க்கப் போனாள்.

"பரீட்ச எப்டி?" என்று மெதுவாகக் கேட்டான் தனசேகர்.

"சுமார். ஒரு கேள்வி கேட்டிருந்தாங்க. எட்டு ஒம்போது மாசக் கொழந்த, பழக்கமில்லாத ஆளப் பாத்தா இன்னா பண்ணும்னு. அழும்னு போட்டன்."

மல்லிகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அகிலா கேட்டுக்கு உள்ளே பார்த்தாள். மரநிழலில் மான்கள் நின்றிருந்தன. "இவ்ளோ தூரம் வந்தாச்சி, பாத்துட்டு வரன்."

"வா, போலாம்" என்று எழுந்தான்.

"நீங்க இருங்க. பாப்பா தூங்கறா இல்ல."

மல்லிகா தூங்கும் குழந்தையைத் தனசேகர் மடியில் கிடத்தினாள். அகிலா டிக்கெட் வாங்கிக்கொண்டு தனியாகப் போனாள். ஒன்பது மாதத்தில் அவள் வெறுங்கையோடு நடந்ததே இல்லை. முதலில் கைகளை என்ன செய்வதென்று தெரியாதவள் மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் விட்டுவிட்டாள். மான் வேலியருகே அவசரமே இல்லாமல் நின்றாள்.

கால் மணி நேரத்தில் யாமினி விழித்தாள். தனசேகர் மல்லிகாவைப் பார்த்தான். அவள் டிக்கெட் கிழிப்பதில் மும்முரமாக இருந்தாள், திரும்பவே இல்லை.

அகிலா திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிறுத்தை எழுந்து நடந்ததாம், கொட்டாவி கூட விட்டதாம். அவன் சட்டையெல்லாம் ராகிக் கஞ்சி. யாமினி அவன் மடியில் உட்கார்ந்து ஒரு பட்டனைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துன்னாளா?"

"பாதி துன்னா. மீதி இங்க கீது."

அகிலா குழந்தையை வாங்கிக்கொள்ளவில்லை. பையை மட்டும் எடுத்துத் தோளில் மாட்டினாள். "வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு சித்தூர்ல இன்னொரு பரீட்ச கீது" என்றாள்.

தனசேகர் யாமினியின் விரல்களிலிருந்து பட்டனை விடுவித்தான். அப்புறம், "அதுக்குள்ள எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடு" என்றான்.