கடிகாரம் எத்தனை அடியில் கேட்கும்?

அறிவியல் கண்காட்சிக்கு இன்னும் ஆறே நாள்தான். நாலாம் வகுப்பு வாண்டுகள் மூன்று பேர் தையல்காரி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, எரிமலையா காந்தமா என்று ஒரு மணி நேரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவளுடைய மகள். இன்னொருவன், மெதுவாகப் பேசவே தெரியாததால் வகுப்பே 'வெடி' என்று கூப்பிடும் பையன். மூன்றாவது, எலும்பும் தோலுமாக இருந்துகொண்டு எதையாவது எழுதியபடியே இருக்கும் 'பென்சில்'.

"எரிமலை வேணாம். போன வருஷம் ஒன்பது எரிமலை வந்துச்சு," என்றாள் பென்சில். "யாருக்குக் காது நல்லா கேக்குதுன்னு பாக்கலாம். டிக் டிக் கடிகாரத்தத் தூரத்துலேர்ந்து கொண்டு வரணும். எத்தன அடியில கேக்குதுன்னு எழுதணும்."

காலர் தைத்துக்கொண்டிருந்த தையல்காரியின் கால் மெஷின் மிதியிலேயே நின்றது. அடடா, இந்தப் புத்தி நமக்கு இத்தனை நாளாக வரவில்லையே!

அவள் கணவர் தகரப் பட்டறையில் டப்பா மூடி அடிக்கிறவர். தங்கமான மனுஷர் என்றுதான் ஊரே சொல்லும். குடி கிடையாது, வம்பு கிடையாது. ஆனால் இரண்டு வருஷமாகக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் வரும். முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிக்கும்போது மட்டும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். இந்தப் பழமொழியை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியும் காட்டியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் தையல் ஊசி அவள் விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. "என்னங்க, கொஞ்சம் வாங்களேன்" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனுஷர் அசையவில்லை. விளையாடிவிட்டு வந்த மகள்தான் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். அன்றைக்கே அவள் மனசு விட்டுப்போயிற்று. கண்காட்சி முடிந்து லீவு விட்டதும் மகளை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதைப் பற்றி அப்புறம் யோசிப்பது என்று முடிவே கட்டிவிட்டாள். அலமாரி மேலிருந்த பெட்டியைக்கூட இறக்கித் துடைத்து வைத்தாயிற்று.

போவதற்கு முன்னால், கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறவரைக் கையும் களவுமாகப் பிடித்துக்காட்ட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பிள்ளைகள் வழி சொல்கிறார்கள்.

"காதுதான் செய்யணும். நான் உதவி பண்றேன்," என்றாள்.

அவள் உதவி என்றால் சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வெளியே நீளமான வராந்தாவில், தையல் டேப்பை வைத்து அளந்து, துணி வெட்டுகிற சாக்பீஸால் அடிக்கு ஒரு கோடாக இருபது கோடு போட்டாள். மின்விசிறியை நிறுத்தினாள். குழாயை மூடினாள். "எள்ளு விழுந்தா சத்தம் கேக்கணும். வெடி, நீ வாயத் தொறந்தா வெளிய போயிடணும்," என்றாள். வெடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

சுவரைப் பார்த்துக் கண்ணை மூடி நிற்க வேண்டும். டிக் டிக் கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். ஆளுக்கு மூன்று தடவை. மகளுக்குப் பத்தொன்பது அடியில் கேட்டது. பென்சிலுக்குப் பதினெட்டு. வெடிக்குப் பதினேழு, அவன் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. வேடிக்கை பார்க்க வந்த மாடி வீட்டுத் தபால்காரருக்குப் பதினாலு. தையல்காரிக்கே பன்னிரண்டு. எல்லாவற்றையும் பென்சில் கட்டம் போட்டு எழுதினாள்.

"அப்பா, நீ வா!"

அவர் சிரித்துக்கொண்டே வந்து சுவரைப் பார்த்து நின்றார்.

"கடிகாரத்த இங்க குடு. அப்பாவுக்கு நான் பிடிக்கிறேன்," என்று தையல்காரி வாங்கிக்கொண்டாள்.

இருபதாவது கோட்டிலிருந்து கிளம்பினாள். பதினைந்து. பன்னிரண்டு. கை எழும்பவில்லை. நடிப்பைப் பாரு, நடிப்பை! பத்து. எட்டு. எவ்வளவு நேரம்தான் தாங்குவார், பார்த்துவிடலாம். ஐந்து. அவள் தைத்துக் கொடுத்த சட்டை, அவள் திருப்பித் தைத்த காலர். மூன்று.

கடைசிக் கோட்டுக்கு வந்தபோது அவர் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. புருவம் நெறித்து, உதட்டைக் கடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். தூக்குவதற்குத் தயாராக ஒரு விரலை நீட்டி வைத்திருந்தார். நடிக்கிறவன் எதற்கு மூச்சை அடக்குகிறான்?

கடிகாரத்தை அவர் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோனாள். வராந்தா முழுக்க டிக் டிக் என்று அடித்தது. அப்போதுதான் விரல் எழும்பியது.

"என்னங்க," என்றாள், மெதுவாக.

அவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அங்கிள்!" என்று வெடி வெடித்தான். அவர் திரும்பினார். கன்னத்துக்குப் பக்கத்தில் கடிகாரம், அதற்குப் பின்னால் பெண்டாட்டி முகம்.

"எப்ப வந்தே நீ இவ்ளோ கிட்ட?" என்றார்.

அவள் கடிகாரத்தைக் கீழே இறக்கினாள்.

"இன்னும் ரெண்டு தடவ இருக்கு ஆன்ட்டி," என்றாள் பென்சில். விஞ்ஞானத்துக்கு ஈவு இரக்கம் ஏது? இன்னும் இரண்டு தடவை நடந்தாள். இரண்டு தடவையும் அதே ஒரு சாண்.

"அங்கிளுக்கு விளையாடத் தெரியல. சேக்க வேணாம்," என்றான் வெடி.

மகள் அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். "அட்டையில போடலாமாப்பா? பட்டறை மாமாங்கல்லாம் வந்து பாப்பாங்களே."

அவர் தரையில் இருந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போடு. இருக்கறதத்தானே எழுதணும்," என்றார்.

பிள்ளைகள் போன பிறகு தையல்காரி ஒரு முக்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"எனக்கே தெரியாதே. பட்டறையில எல்லாரும் கத்தித்தான் பேசுவோம், வாயப் பாத்தே புரிஞ்சுடும்," என்றார். "வீடு ரொம்ப அமைதியாயிடுச்சுன்னு மட்டும் தெரிஞ்சுது. சாப்பாட்டு நேரம் தவிர நீதான் எங்கூடப் பேசறத நிறுத்திட்டேன்னு நெனச்சேன். கோவத்துல இருக்கே, கிளற வேணாம்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

இரண்டு வருஷம்! கத்திக் கத்தித் தொண்டை வற்றிய இரண்டு வருஷமும், பாவி மனுஷர், அவள் பேசவில்லை என்று ஏங்கியிருக்கிறார். ஊசி குத்திய விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு அவள் அழுதாள். ஏன் என்று புரியாமலே அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சங்கு ஊதிய வாயை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாளே காது டாக்டரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கினாள். அக்காவுக்குப் போன் செய்து, "இந்த லீவுக்கு வரலக்கா" என்றாள். பெட்டி அலமாரி மேலே போயிற்று.

கண்காட்சியில் அந்த வருஷமும் ஏழு எரிமலைகள். மூன்று பேரின் அட்டையில் ஆளுக்கொன்றாக வரைந்திருந்த உயரமான கோடுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் எறும்பு உயரத்துக்கு நின்றது. மதிப்பெண் போட வந்த ஆசிரியை அதைத் தொட்டு, "இது என்ன, தப்பா போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

"தப்பு இல்ல மிஸ். மூணு தடவ பாத்தோம். அது எங்கப்பா," என்றாள் மகள்.

"சரி, இதுலேர்ந்து என்ன கண்டுபிடிச்சீங்க?"

பென்சில் அட்டையின் அடியைக் காட்டினாள். 'முடிவு: பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காமல் இருக்கலாம்' என்று எழுதியிருந்தது. ஆசிரியை அதை ஒரு தடவை படித்தார். பின்னால் நின்ற தையல்காரி மூன்று தடவை படித்தாள்.

கிளம்புகிற நேரம். கண்காட்சிக் கூடத்தின் மறுகோடியில் கணவர் ஒரு எரிமலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், "என்னங்க, போலாமா?" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தாள். அவர் திரும்பவில்லை. அவள் எரிமலையைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

"போலாமா?"

"இப்பத்தான் கூப்டியா?"

"இல்ல, ரெண்டாவது தடவ."

"மொதத் தடவ கேக்கலையே," என்றார்.

"தெரியும்," என்றாள்.